மலைக்கு வர மறுத்தவள்

அத்தியாயம் பதினொன்று

ஞாயிற்றுக்கிழமை காலையில் கமலாம்பிகை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கணவனுக்குக் காப்பி கலந்து கொடுத்தாள். மகளுக்கு மைலோ ஆற்றிக் கொடுத்தாள். தன் கோப்பையை மட்டும் சும்மா கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவளும் குடித்துவிட்டாள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

அன்று பயிற்சி நடை. வருஷக் கடைசி விடுமுறையில் சபாவுக்குப் பறந்து கினாபாலு மலை ஏறுவது என்று ஏரம்பமூர்த்தி தீர்மானித்த நாளிலிருந்து அந்தக் கிரீன் லேன் வீட்டில் வேறு பேச்சு கிடையாது. மாக் மண்டினில் ரப்பர் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் அவர், குடும்பத்தோடு போன பெரிய பயணம் என்றால் ஈப்போ வரைதான். இப்போது சாப்பாட்டு மேசைக்கு மேலே சபாவின் வரைபடம் தொங்கியது. மூத்த மகள் சுபாஷிணி, பள்ளி இறுதியான ஐந்தாம் படிவச் சோதனை எழுதி முடித்த கையோடு, அதில் சிவப்பு மையால் வழி போட்டிருந்தாள்.

தேசியப் பூங்காவின் விடுதியில் தங்குவது. வழிகாட்டியோடு மலையேறி, நடுவழிக் குடிலில் ஓர் இரவு படுத்து, விடிவதற்குள் உச்சிக்குப் போவது. இறங்கி வந்ததும் போரிங் வெந்நீர் ஊற்றில் எல்லோருமாகக் குளிப்பது. ஏழு வயது வாணியை ஏரம்பமூர்த்தியின் தங்கை ஞானாம்பிகை கீழே விடுதியில் வைத்துப் பார்த்துக்கொள்வாள். மற்ற மூவரும் ஏறுவார்கள்.

கமலாம்பிகை மட்டும் வரமாட்டேன் என்றாள்.

முதலில் முழங்கால் வலி என்றாள். பிறகு குளிர் ஒத்துக்கொள்ளாது என்றாள். வாணியோடு நானே கீழே இருந்துவிடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தாள். ஏரம்பமூர்த்தி எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். கடைசியில், போன வாரம், சாப்பிட வந்திருந்த ஞானாம்பிகையின் முன்னாலேயே, எனக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

"எங்க குடும்பத்தோட ஒட்டாம இருக்கறதுல அண்ணிக்கு ஒரு பெருமை" என்றாள் ஞானாம்பிகை.

அதற்குப் பிறகு அந்த மேசையில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் கமலாம்பிகை, பயிற்சி நடைக்கு மட்டும் வருகிறேன் என்றாள்.

இதைப் படிக்கும் பெண்களில் சிலர் அந்த வெறும் கோப்பையைக் கண்டதுமே ஊகித்திருப்பார்கள். வாணி பிறக்கும்போதே பெரிய குழந்தை. ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். அன்றிலிருந்து கமலாம்பிகைக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. தும்மினால், இருமினால், வேகமாகப் படியேறினால், அவளைக் கேட்காமலே வந்துவிடும்.

ஒரே ஒருமுறை டிஸ்பென்சரிக்குப் போனாள். உள்ளே இளவயது டாக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறது என்று கேட்டார். தலைவலி என்றாள். பெனடால் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அதோடு சரி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் படி ஏறுவதை நிறுத்தினாள். கல்யாண மண்டபங்களில் வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். பூங்காவின் சிற்றேட்டைச் சுபாஷிணி ஆசையோடு கொண்டுவந்து நீட்டியபோது, பூக்களையும் பறவைகளையும் தள்ளிவிட்டு, ஏறுகிற வழியில் கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்பதை மட்டும் தேடினாள்.

இன்னொன்றும் செய்தாள். வாணி தனியாகப் படுக்கப் பயப்படுகிறாள் என்று சொல்லிக் கணவனின் கட்டிலை விட்டு மகளின் அறைக்குப் போனாள். ஏரம்பமூர்த்தி ஏன் என்று கேட்கவில்லை. வாணி வளர்ந்து, பயமெல்லாம் போய், பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்தவரை அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

*

வாணியைப் பக்கத்து வீட்டு நூர்ஜானிடம் விட்டுவிட்டு, ஞானாம்பிகையின் காரில் நால்வரும் கிளம்பினார்கள். பொட்டானிக் கார்டன் சாலையில் மூன் கேட் என்று சொல்லப்படும் பழைய வட்ட வாசலில் இறங்கினார்கள். கொடிமலைக்கு ஏறும் பாதை அங்கேதான் தொடங்குகிறது.

ஏரம்பமூர்த்தியின் தொழிற்சாலை நண்பர் ஜெயராஜ், கினாபாலு ஏறி வந்த அனுபவசாலி. சபாவில் இடம் பதிவு செய்கிற பொறுப்பும் அவருடையதுதான். அவரும் தொழிற்சாலை இளைஞர்களும் சற்றுப் பின்னால் வருவதாகவும், பாதி மலையில் தேநீர் கிடைக்கும் இளைப்பாறும் இடத்தில் எல்லோரும் சேர்ந்துகொள்வதாகவும் ஏற்பாடு.

குடும்பத்துக்கே ஒரே மாதிரி வெளிர் நீல டிராக் சூட் எடுத்திருந்தாள் சுபாஷிணி. கறுப்பில் இல்லையா என்று கமலாம்பிகை கேட்டதற்கு, மலைமேல் படம் எடுத்தால் கறுப்பு எடுபடாது என்று சொல்லிவிட்டாள்.

ஏற்றம் ஆரம்பத்திலேயே செங்குத்து. வேர்களும் மண்படிகளுமாகப் பாதை மேலே போயிற்று. கமலாம்பிகை அடி மேல் அடி வைத்து, தொடைகளை ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு ஏறினாள். வயிறு காலி, தொண்டை வறண்டிருந்தது. பழுதில்லாமல் கொஞ்ச தூரம் வந்துவிட்டது அவளுக்கே வியப்பாக இருந்தது. ஓர் உயரமான படியில் ஏரம்பமூர்த்தி திரும்பி நின்று கை நீட்டினார். அவள் தயங்கிவிட்டுப் பிடித்துக்கொண்டாள். மேலே வந்த பிறகும் அவர் கையை உடனே விடவில்லை. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு பிடித்த கை. அவர் முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு வந்து போனதை அவள் பார்த்தாள்.

மலைக் குளிருக்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்று அவர் தலையில் கம்பளிக் குல்லா போட்டு, காதை மூடி, தாடைக்குக் கீழே பொத்தானும் மாட்டியிருந்தார். நம் ஊரில் குரங்குக் குல்லா என்போமே, அது. வியர்வை ஆறாக ஓடியது. ஓர் ஓடையருகே நின்று அதைக் கழற்றிப் பிழிந்து கல்லின் மேல் வைத்தார்.

மரத்திலிருந்து இறங்கிய ஒரு குரங்கு அதை எடுத்துக்கொண்டு போயிற்று. ஓடக்கூட இல்லை. ஏதோ தன் சொந்தப் பொருளை எடுத்துக்கொள்வதுபோல நிதானமாக எடுத்துக்கொண்டு, கிளையில் உட்கார்ந்து, தலையில் வைத்துப் பார்த்தது.

"அதோட குல்லாவ அது வாங்கிட்டுப் போவுதுப்பா. விடுங்கலா" என்றாள் சுபாஷிணி.

ஞானாம்பிகை சிரித்தாள். ஏரம்பமூர்த்தி, முடியெல்லாம் ஒட்டிக்கொண்ட தலையோடு, கிளைக்குக் கீழே நின்று இரண்டு கையையும் நீட்டிக் குரங்கிடம் கெஞ்சினார். கமலாம்பிகை உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. சிரிப்பு அடிவயிற்றிலிருந்து பொங்கி வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அம்மா இப்படிச் சிரித்துச் சுபாஷிணி பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பிறகு அவள் சிரிப்பு சட்டென்று நின்றது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. துணி தாங்கவில்லை. வெதுவெதுப்பாகக் கால் வழியே இறங்குவது தெரிந்தது. வெளிர் நீலம். கீழே வளைவில் பேச்சுக் குரல்கள் கேட்டன. ஜெயராஜும் இளைஞர்களும் வந்துகொண்டிருந்தார்கள்.

அவள் யோசிக்கவில்லை. பக்கத்தில் ஓடை. இரண்டு அடி எடுத்து வைத்து, கால் வழுக்கியதுபோல அதற்குள் உட்கார்ந்துவிட்டாள். சில்லென்ற தண்ணீர் இடுப்புவரை ஏறியது.

ஏரம்பமூர்த்தி குல்லாவை விட்டுவிட்டு ஓடி வந்தார். பாறையில் தாவி இறங்கி, விழுந்துவிட்டாயா, எங்கே அடி என்று கேட்டுக்கொண்டே, குனிந்து அவளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார். அவர் முகம் அவள் மடிக்கு நேரே இருந்தது. வாடை தெரிந்துவிடும். அந்த ஒரே நினைப்பு.

"தொடாதீங்க" என்றாள். குரல் கீச்சிட்டது. "தள்ளிப் போங்க. தொடாதீங்கன்னு சொல்றேன்ல."

சொன்னதோடு நிற்காமல் இரண்டு கையாலும் அவர் மார்பைத் தள்ளினாள். பாசிப் பாறையில் அவர் கால் நழுவிற்று. கையை ஊன்றி விழுந்தார். உள்ளங்கை கிழிந்தது.

வளைவு திரும்பிய ஜெயராஜும் மற்றவர்களும் அப்படியே நின்றார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள் என்பது அவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பிய விதத்திலேயே தெரிந்தது.

ஏரம்பமூர்த்தி எழுந்து கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பாதைக்கு ஏறி, நண்பர்களைத் தாண்டி, மேலே நடக்கத் தொடங்கினார். அவர்கள் பின்னாலேயே போனார்கள்.

சுபாஷிணி போகவில்லை. அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாவப் பிடிக்கலன்னா வீட்டுல வச்சுக்குங்கம்மா. எல்லார் முன்னாலயும் ஏன் இப்படிப் பண்றீங்க?"

அவளும் மேலே போய்விட்டாள்.

*

கமலாம்பிகை தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஞானாம்பிகைக்கும் கோபந்தான். ஆனால் அவள் பட்டர்வொர்த் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். விழுந்தவளை அப்படியே விட்டுவிட்டுப் போக அவள் தொழில் விடவில்லை. சப்பாத்தைக் கழற்றாமலே ஓடையில் இறங்கி, இடுப்பு எலும்பில் அடியா என்று தொட்டுப் பார்க்கக் குனிந்தாள். அப்போது மடித்த துணி ஒன்று நழுவித் தண்ணீரில் மிதந்து வந்தது.

ஞானாம்பிகை அதைப் பிடித்து எடுத்தாள். பார்த்தாள். இரத்தம் இல்லை. கமலாம்பிகை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஞானாம்பிகை துணியைப் பிழிந்து, ரொட்டி கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். பிறகு பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு காலமா அண்ணி?"

"வாணி பொறந்ததுல இருந்து."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

மூடிய முகம் இல்லை என்று அசைந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

கமலாம்பிகை கையை எடுத்தாள். "நீ அவரு தங்கச்சி" என்றாள்.

ஞானாம்பிகையின் வார்டுக்கு இதே குறையோடு வருகிற பெண்கள் எத்தனையோ பேர். மலாய்க்காரிகள், சீனத்திகள், தோட்டத்துப் பெண்கள், டீச்சர்மார். திரையை இழுத்துவிட்டு, கூச்சப்படாதீங்க, இது எல்லாருக்கும் வர்றதுதான் என்று அவர்களிடம் சொல்கிற வாய் அது. அதே வாயால்தான் போன வாரம் அண்ணன் வீட்டு மேசையில் உட்கார்ந்து பேசினாள். தைப்பூசத்துக்கு வராததையும், கல்யாண வீட்டில் வாசலோடு நின்றுவிட்டுக் கிளம்புவதையும் சொந்தக்காரர்களிடம் அண்ணியின் கர்வம் என்று சொல்லித் திரிந்தவளும் அவள்தான்.

"நான் உங்களப் பெருமக்காரின்னு சொன்னேன்" என்றாள் தணிந்த குரலில். அதற்கு மேல் மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரியவில்லை. கழுத்துவரை முகம் சிவந்து, ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நர்ஸாகவே பேசினாள். பிரசவத்தில் தசை தளர்ந்துபோனால் இப்படி ஆகும் என்றாள். தசையை இறுக்கப் பயிற்சி உண்டு, அது போதாவிட்டால் சின்ன அறுவைச் சிகிச்சை உண்டு, பல பேருக்குப் பயிற்சியிலேயே சரியாகிவிடும் என்றாள். அவளுக்குத் தெரிந்த லேடி டாக்டர் ஒருவர் இருக்கிறார். நாளைக்கே கூட்டிப் போகிறேன் என்றாள். கமலாம்பிகை எல்லாவற்றையும் கேட்டாள். அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"என்மேல வாடை அடிக்குதா?"

"இல்ல அண்ணி" என்றாள் ஞானாம்பிகை. "இன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இருந்ததில்ல. இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

தன் கழுத்துத் துண்டை எடுத்து அண்ணியின் இடுப்பில் கட்டிவிட்டாள். இருவரும் மெதுவாகக் கீழே இறங்கினார்கள். கார்க் கதவைத் திறந்ததும் கமலாம்பிகை தயங்கி நின்றாள். ஈரத்தோடு எப்படி உட்காருவது, பஸ்ஸில் நின்றுகொண்டே போய்விடுகிறேன் என்றாள்.

"உட்காருங்க. சீட்டுதானே, காஞ்சுடும்" என்றாள் ஞானாம்பிகை.

வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, இதை நான் யாரிடமும் சொல்லமாட்டேன், அண்ணனிடம்கூடச் சொல்லமாட்டேன், அதை நீங்கள்தான் சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

அப்பாவும் மகளும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள்.

சுபாஷிணி யாரையும் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்த வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டினாள். மாடிக்குப் போய்விட்டாள். ஏரம்பமூர்த்தி சோறு வேண்டாம் என்றார். கினாபாலுவுக்கு நம் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி ஜெயராஜிடம் சொல்லப்போவதாகச் சொன்னார். இனி உன்னை எதற்கும் வற்புறுத்தமாட்டேன் என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அவர் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது கமலாம்பிகைக்கு.

அவர் பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் குந்தி, கேன்வாஸ் சப்பாத்தின் சேற்றைக் கழுவத் தொடங்கினார். ஒரு கையால்தான் கழுவினார். கிழிந்த உள்ளங்கையைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

அவள் அடுக்களை வாசற்படியில் நின்றாள். உள்ளே போனாள். மறுபடி வந்து நின்றாள். இதைச் சொல்ல அவளிடம் ஒரு சொல்கூட இல்லை. டாக்டர்கள் சொல்லும் சொல் தெரியாது. குழந்தைகளிடம் சொல்லும் சொல்லைப் புருஷனிடம் எப்படிச் சொல்வது?

"காலையில நான் வழுக்கி விழல" என்றாள்.

அவர் திரும்பவில்லை.

"நானாத்தான் தண்ணில உட்கார்ந்தேன். எனக்கு… அடக்க முடியலங்க. சிரிச்சா வந்துடுது. இருமினா வந்துடுது. வாணி பொறந்ததுல இருந்து அப்படித்தான். துணி வச்சுக்கிட்டுத்தான் நடமாடறேன். நீங்க பக்கத்துல வந்தா உங்களுக்குத் தெரிஞ்சுடும்னுதான் தள்ளிவிட்டேன்."

குழாயிலிருந்து தண்ணீர் சப்பாத்தின்மேல் கொட்டிக்கொண்டே இருந்தது. அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் எட்டிக் குழாயை மூடினார்.

"அதுக்குத்தான் வாணி ரூமுக்குப் போனியா?"

"ம்."

அவர் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"நான் நாறுறேன்னு நினைச்சேன் கமலா. ரப்பர் பாக்டரி வாடை. ஆசிட் வாடை. அதான் நீ ஒதுங்கிட்டேன்னு நினைச்சேன். அதனாலதான் தினமும் அங்கயே குளிச்சுட்டு வர்றேன். வந்து இங்கயும் குளிக்கறேன்."

கமலாம்பிகை படியிலேயே உட்கார்ந்தாள். அவர் இரண்டு தடவை குளிப்பதும், சோப்பு சீக்கிரம் தீர்ந்துபோவதும் அவளுக்குத் தெரியும். கோபித்துக்கொண்டும் இருக்கிறாள். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தன் ஒளிவுமறைவைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்தவளுக்கு, அந்த மனிதர் தன் தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தது கண்ணில் படவில்லை.

அவள் மெல்ல இறங்கி வந்து அவர் எதிரே குந்தினாள். அவர் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார். "மேல உட்கார்ந்து நான் உன்னப் பத்திப் பேசிட்டேன்."

கேட்க அவளுக்கு மனமில்லை. அவர் சொல்லாமல் விடவும் இல்லை. தேநீர் குடிக்க உட்கார்ந்த இடத்தில், என்ன அண்ணே இது என்று ஜெயராஜ் கேட்டிருக்கிறார். இவர் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. என் பெண்டாட்டிக்கு என்னைத் தொட்டால் அருவருப்பு, வருஷக் கணக்காகத் தனித்தனிப் படுக்கைதான், வெளி உலகத்துக்காகத்தான் குடும்பம் நடத்துகிறோம் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். அத்தனை பேரும் கேட்டார்கள். பக்கத்தில் சுபாஷிணியும் இருந்தாள்.

"எல்லாரும் பாவம்னாங்க" என்றார் ஏரம்பமூர்த்தி. "எனக்கு அது நல்லா இருந்துச்சு கமலா. அதான் இப்ப தாங்க முடியல."

இருவரும் குழாயடியில் அப்படியே இருந்தார்கள். பக்கத்து வீட்டில் வாணி யாரையோ துரத்திக்கொண்டு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

*

பொழுது சாயும் நேரத்தில் ஜெயராஜின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. மலைக்கு இரவல் தருவதாகச் சொல்லியிருந்த மழைக்கோட்டுகள் பையில் இருந்தன. கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கொண்டுவந்ததுபோல அதை நாற்காலிக்கு அடியில் வைத்தார். கமலாம்பிகையைப் பார்த்து, எப்படி இருக்கீங்கக்கா என்றார். சரியாக முகம் பார்க்காமல் கேட்டார்.

அவள் தேநீர் போட அடுக்களைக்குப் போனாள். கூடத்தில் பேசுவது அங்கே தெளிவாகக் கேட்கும்.

சபாவுக்குப் பெயர்களை உறுதி செய்தாக வேண்டும், செவ்வாய்க்கிழமைவரை தள்ளிப்போடலாம், அண்ணன் நன்றாக யோசித்துச் சொல்லட்டும் என்றார் ஜெயராஜ்.

"மேல வச்சு நான் சொன்னது பொய் ஜெயராஜ்."

"எதுண்ணே?"

"கமலாவப் பத்திச் சொன்னது எல்லாம். அவமேல ஒரு தப்பும் இல்ல. கேட்டவங்ககிட்ட நாளைக்கு வேலையில நானே சொல்லிடறேன்."

ஜெயராஜ், யாராக இருந்தாலும் கேட்கக்கூடியதைத்தான் கேட்டார்.

"அப்ப அவங்க ஏன் அப்படிக் கத்தினாங்க? தொடாதீங்கன்னு?"

கமலாம்பிகையின் கையில் கரண்டி நின்றது. ஏரம்பமூர்த்திக்கு உண்மை தெரியும். ஒரே வாக்கியத்தில் சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

"அதுக்கு நான்தான் காரணம்" என்றார் ஏரம்பமூர்த்தி. "அதுக்கு மேல கேக்காத."

அவள் தேநீர்த் தட்டோடு வெளியே வந்தபோது ஜெயராஜ் எழுந்து நின்றிருந்தார். அவர் முகம் மாறியிருந்தது. காலையில் பாவம் என்று பார்த்த மனிதரை இப்போது வேறு மாதிரி பார்த்தார். வேலை இருக்கிறது என்று சொல்லி, தேநீரைத் தொடாமல் வாசலுக்கு நடந்தார். வழியனுப்பப் போன கமலாம்பிகையிடம், கேட்டைத் தாண்டியதும் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, எதாச்சும் பிரச்சனன்னா என் வீட்டுக்காரிக்கிட்ட வந்து சொல்லுங்க. எந்த நேரமா இருந்தாலும் வாங்க. பயப்படாதீங்க."

அவர் என்ன நினைத்துக்கொண்டுவிட்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படி இல்லை தம்பி என்று சொல்ல வாய் திறந்தாள். அப்படி இல்லை என்றால் எப்படி? அடுத்த கேள்வி அதுதான். அதற்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பிப் போகும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாளைக்குத் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிடும். ஒருநாளும் அவள்மேல் கை ஓங்காத மனிதருக்கு, பெண்டாட்டியை அடிப்பவர் என்ற பெயர் வந்துவிடும். அதை வாங்கிக்கொண்டு அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். வாங்கிக் கொடுத்தவள் கேட்டருகே நிற்கிறாள்.

உள்ளே வந்தபோது கூடத்தில் அவர் இல்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மாடிப்படியில் சுபாஷிணி உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறாளோ தெரியவில்லை.

"அம்மா" என்றாள். காலையில் இருந்த கோபம் அந்தக் குரலில் இல்லை. பயந்த குரல். "அப்பா உங்கள அடிப்பாராம்மா?"

"இல்ல" என்றாள் கமலாம்பிகை. "ஒருநாளும் இல்ல."

"அப்புறம் ஏன்?"

கமலாம்பிகை படியேறி வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவனிடம் சொன்ன சொற்கள் இவளுக்கு உதவாது. பதினேழு வயதுப் பெண்; நாளைக்கு இவளும் பிள்ளை பெறுகிறவள். அவள் தோள்மேல் கை போட்டுக்கொண்டு, எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தாள். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.